வட்டத் தெருவுக்கு வழி

தான் வரைந்துகொண்டிருந்த மனைப்பிரிவு வரைபடத்தின் மேல் கார்மேகம் டீ கிளாஸை வைத்தான். எடுத்தபோது வட்டமாக ஒரு கறை. சாலை போட வந்தவர்கள் நேர்மையானவர்கள். கறைக்கும் தார் போட்டுவிட்டார்கள்.

அப்படித்தான் நகரத்தின் ஓரத்தில், எந்தத் தெருவோடும் சேராத ஒரு வட்டத் தெரு உண்டானது. நாற்பது குடும்பங்கள் வீடு கட்டிப் பால் காய்ச்சிக் குடியேறின. ஒரு மினி பஸ்கூட ஓடியது. எப்படி உள்ளே போனார்கள் என்று கேட்பது அநாகரிகம், யாரும் கேட்கவில்லை.

பஸ்ஸை ஓட்டியவள் தமயந்தி. கார்மேகத்தின் பின்மதிலுக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. தான் வரைந்ததிலேயே உருப்படியானது அந்தத் தவறுதான் என்று, மதில்மேல் தாடையை வைத்துத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு நாள் துணிந்து, கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டுவிட்டான்.

"பொண்ணு கேக்கறவங்க வாசல் வழியா வருவாங்க," என்றாள் தமயந்தி. "மதில் மேல எட்டிப் பாத்துக் கறிவேப்பிலைதான் கேப்பாங்க."

வாசலைத் தேடிப் புறப்பட்டான். நகரம் அன்று மும்முரமாக வளர்ந்துகொண்டிருந்தது. அவன் ஒரு தெரு நடந்தால் இரண்டு முளைத்தன, இரண்டும் முட்டுச்சந்து. வழி கேட்டால், நேற்று இருந்தது என்றார் ஒருவர். இன்னொருவர் சாப்பிட்டாச்சா என்றார்.

சரி, சாலையே கேட்டுவிடலாம் என்று போனால், தெரு இணைப்பு அலுவலகத்தின் தாழ்வாரமும் நடக்க நடக்க நீண்டது. கடைசியில் எழுத்தர் ஆறுச்சாமி உட்கார்ந்திருந்தார். சாலை கேட்கும் படிவத்தில் ஒரே கேள்வி: எதற்கு?

'பொதுநலன்' என்று எழுதினான். ஆறுச்சாமி மேசையோடு இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனார். ஓடிப் பிடித்து, 'போக்குவரத்து நெரிசல்' என்று திருத்தினான். இன்னும் நாலு கிலோமீட்டர்.

"நெசத்த எழுதுங்க தம்பி," என்று தூரத்திலிருந்து குரல் வந்தது. "நானும் ஊட்டுக்குப் போகோணுமல்லோ."

'தமயந்தி' என்று எழுதினான். காது சிவந்தது. மேசை தானாகப் பக்கத்தில் வந்தது. ஆறுச்சாமி முத்திரை குத்தினார்.

குத்திய இடத்திலிருந்து ஒரு சாலை கிளம்பி, மேசையைவிட்டு இறங்கி, நடுவில் வெள்ளைக் கோட்டோடு ஓடியது. முட்டுச்சந்துகள் ஒவ்வொன்றாக ஒதுங்கி வழிவிட்டன. சுவருக்குச் சுவர் ஒட்டியிருந்தும் முகம் பார்த்திராத குடும்பங்கள் ஒன்றையொன்று டிபனுக்கு அழைத்தன.

சாலை தமயந்தி வீட்டு வாசலில் போய் நின்றது. அவளும் பஸ்ஸை நிறுத்தினாள். எட்டு மாதமாக இறங்காமல் சுற்றிக்கொண்டிருந்த பயணிகள் ஜன்னலில் தலைகளை அடுக்கினார்கள்.

சாலையின் பின்னாலேயே வந்த கார்மேகம் செருப்பைக் கழற்றினான். ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் நினைவில் இல்லை.

"கட்டிக்கறீங்களா?"

காலையிலிருந்து யாரும் அவனுக்கு நேராகப் பதில் சொல்லவில்லை. இவளும் ஏதாவது படிவம் நீட்டுவாள் என்று பேனாவின் மூடியைத் திறந்து வைத்திருந்தான்.

"கட்டிக்கறேன்," என்றாள் தமயந்தி.