நூற்றெண்பது சுற்று

கிருஷாந்தி மோட்டருக்குக் கம்பி சுற்ற உட்கார்ந்துவிட்டால், பதுளை பஸ் நிலையத்தடியில் இருக்கும் அவள் கடையில் யாரும் அவளோடு பேசமாட்டார்கள். பேசினால் எண்ணிக்கை தப்பும். தப்பினால் சுற்றியதையெல்லாம் அவிழ்க்க வேண்டும். அவிழ்க்கும்போது அவள் பார்க்கிற பார்வையை யாராலும் தாங்க முடியாது. வருகிறவர்கள் சத்தம் போடாமல் வாங்கில் உட்கார்ந்து, அவள் தலை நிமிர்ந்த பிறகுதான் வாயைத் திறப்பார்கள்.

வியாழக்கிழமை காலை நிமலன் அந்த வழக்கத்தை மீறினான். அதுவும் வேண்டுமென்றே.

நிமலன் பசறைப் பக்கத்துத் தோட்டத்துக்காரன். ராமாமிர்தம் முதலாளியின் புடவைக் கடையில் பதினோரு வருடமாக ஸ்டோர் பார்க்கிறான். அந்தக் கடையின் சரக்கெல்லாம் தகரக் கூரைக்கு அடியில், ஒரு பரணில் கிடக்கிறது. அங்கே சூட்டை வெளியே தள்ளுவதற்குச் சுவரில் பெரிய விசிறி ஒன்று உண்டு. திங்கட்கிழமை அதன் மோட்டர் கருகிப்போனது. புதிதாக வாங்கிவிடலாம் என்றார் முதலாளி. "இல்லைங்க, புதுக் கம்பி சுத்திப் போட்டா இன்னும் பத்து வருசம் ஓடும்" என்று நிமலன்தான் அதைக் கழற்றித் தூக்கிக்கொண்டு கிருஷாந்தியிடம் வந்தான். பழைய மோட்டர் மேல் அவனுக்கு அவ்வளவு பாசம் என்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளலாம். தெருவே அவனை அண்ணே என்று கூப்பிடும். அவள் மட்டும் ஐந்து வருடமாக அந்தச் சொல்லை ஜாக்கிரதையாகத் தவிர்த்து வந்தாள். இரண்டு பேருக்கும் நாற்பதை நெருங்குகிற வயது. இருந்தும் வாயில் கொழுக்கட்டை.

இப்போது அவனை மொனராகலைக் கிளைக்கு மாற்றியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு பஸ்.

அவன் வந்து உட்கார்ந்தபோது அவள் நாற்பதாவது சுற்றில் இருந்தாள். அவன் மோட்டரின் கடைசிக் கம்பிக் கொயில் அது. ஒரு கொயிலுக்கு நூற்றெண்பது சுற்று.

"நீங்க எண்ணுங்க கிருஷாந்தி. நிப்பாட்டாதீங்க. உங்களால இப்ப பதில் சொல்ல முடியாதுன்னுதான் இப்பவே சொல்றேன்" என்றான். அவள் கை நிற்கவில்லை. நாற்பத்துநாலு. நாற்பத்தைந்து. "என்னைக் கட்டிக்கிறீங்களா?"

நாற்பத்தாறு என்றன உதடுகள்.

அவன் பேசிக்கொண்டே போனான். மொனராகலையில் வீடு பார்த்தாயிற்றாம். முற்றத்தில் கொய்யா மரம். கிணற்றுத் தண்ணீர் அவ்வளவு ருசி. விடிகாலையில் மயில் வந்து மதிலில் நிற்குமாம். அவன் சொல்லச் சொல்ல ஒவ்வொரு சொல்லும் செம்புக் கம்பியோடு சேர்ந்து அச்சில் ஏறியது. எழுபதாவது சுற்றில் கொய்யா மரம் போயிற்று. தொண்ணூறில் கிணறு. கை இங்கே சுற்றிக்கொண்டிருக்க, அவள் அந்த முற்றத்தில் வெறுங்காலோடு நின்றாள். மண் சூடாக இருந்தது. மயில் அவளைப் பார்த்து நகரவும் இல்லை. வீட்டுக்குள் போனாள். அறை அறையாகப் போனாள். அவளுடைய கம்பி உருளைகளும் அச்சுகளும் எந்த அறையிலும் இல்லை.

நூற்றுமுப்பது. அவன் இன்னும் மயிலை விட்டபாடில்லை. என் வேலையைப் பற்றி ஒரு சொல் சொல்லேன், என்று மனசுக்குள் கெஞ்சினாள். எட்டு வருடத்துக்கு முன் கொஸ்லந்த மாப்பிள்ளை எல்லாம் பேசி முடித்த பிறகுதான், கல்யாணத்துக்கு அப்புறம் இந்த வேலை வேண்டாம் என்றான். அன்றைக்கே நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பியவள் அவள். கடைப் பலகையில் அவள் பெயர் இருக்கிறது. அதை அழித்துவிட்டு யாருக்கும் அவள் மனைவியாக முடியாது. ஆனால் நிமலனை வேண்டாம் என்று சொல்லவும் அவளால் முடியாது. அதுதான் சங்கடம்.

நூற்றெழுபதில் அவன் சட்டென்று எழுந்தான். "சரிங்க, நான் போறேன்" என்று செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் ஓடினான். இன்னும் பத்துச் சுற்று. கம்பியை விட்டுவிட்டுக் கூப்பிட்டிருக்கலாம். அவள் கூப்பிடாதது மோட்டருக்காக அல்ல. பயந்தாள், அவ்வளவுதான். நூற்றெண்பது என்று சொல்லி நிமிர்ந்தபோது வாங்கு காலியாக இருந்தது.

மறுநாள் மத்தியானத்துக்குள் கம்பிக்குப் பூசிய வாணிஷ் காய்ந்துவிட்டது. வேலை முடிந்தால் மோட்டருக்குரியவர்கள் வந்து எடுத்துப்போவதுதான் வழக்கம். அன்றைக்கு அவளே மோட்டரைத் தூக்கிக்கொண்டு புடவைக் கடைக்குப் போனாள்.

"நீயே வந்துட்டியாம்மா!" என்று முதலாளி வாய் பிளந்தார். அவள் நேரே ஏணியில் ஏறினாள்.

பரண் அடுப்பாக இருந்தது. பயணப் பையைக் கட்டி வைத்துவிட்டு நிமலன் ஒரு சேலைக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "அந்த ஸ்பானரைக் குடுங்க" என்றாள். கொடுத்தான். "பிடிங்க" என்றாள். பிடித்தான். கடைசி நட்டை முடுக்கிவிட்டு அவள் ஸ்விட்சைப் போட்டாள்.

விசிறி மெல்ல அசைந்து, வேகமெடுத்தது. சூடான காற்று எழுந்து வெளியே போயிற்று. கட்டுகளிலிருந்து தொங்கிய முந்தானைகள் எல்லாம் ஒரே பக்கமாக மிதந்தன. விசிறியின் இடைவெளியால் வந்த வெயில் துண்டு துண்டாகச் சேலைகளின் மேல் ஓடியது. அவன் முகத்திலும் ஓடியது. இப்படியே நிற்கலாம் போலிருந்தது அவளுக்கு. நின்றால் மணி நாலாகும், பஸ் போய்விடும், யாரும் எதுவும் சொல்லவேண்டியிருக்காது.

ஸ்விட்சை அணைத்தாள்.

"என்னம்மா, திரும்பக் கருகிப்போச்சா?" கீழேயிருந்து முதலாளி கத்தினார்.

"இல்லைங்க முதலாளி. நான்தான் நிப்பாட்டினேன். இவர்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள். கடை முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும். "கொய்யா மரம் சொன்னீங்க, கிணறு சொன்னீங்க. என் கடையை எங்க வைக்கிறது?"

நிமலன் அவள் பக்கம் திரும்பினான். "முன் அறைங்க. ரோட்டுப் பக்கமா கதவு. அந்த அறைக்காகத்தான் அந்த வீட்டையே பிடிச்சேன்."

"நேத்து ஏன் சொல்லல்ல?"

"அதைத்தாங்க கடைசியா சொல்ல வச்சிருந்தேன். அதுக்குள்ள நீங்க நூத்தியெழுபதுக்கு வந்துட்டீங்க. எண்ணி முடிச்சிட்டு மாட்டேன்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்து ஓடிட்டேன்."

அவளுக்கு அழுகை வந்தது. சிரிப்பும் கூடவே வந்தது. முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

"மொனராகலையில வெயில் கூட. விசிறி மோட்டரெல்லாம் நிறையக் கருகும்" என்றாள். "நீங்க போய் அந்த அறைக்கு வெள்ளை அடிச்சு வைங்க. கையில மூணு மோட்டர் இருக்கு. முடிச்சிட்டு வாறேன்."