தியேட்டர் வாசம்

கல்யாண மண்டபத்தில் ஏசியைப் போட்டாலே முன்வரிசையில் இருப்பவர்கள் தும்ம ஆரம்பித்துவிடுகிறார்கள் என்று துர்காதேவி போனில் சொன்னாள். தகப்பனாருக்குப் பிறகு மண்டபத்தை நடத்துகிறவள் அவள்தான். ஏசி காற்று வரும் தகரக் குழாய்களைச் சுத்தம் செய்ய ஆள் தேடியபோது, யாரோ சுஹைலின் நம்பரைக் கொடுத்திருந்தார்கள். குவைத்தில் பல வருஷம் இதே வேலை பார்த்தவன். ஊர் திரும்பிக் காரைக்குடியில் சொந்தமாகத் தொழில் தொடங்கியிருந்தான்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் சுஹைல் நின்றுவிட்டான். சுவரில் புதுப் பெயிண்ட், தரையில் டைல்ஸ். ஆனால் அந்த வாசம்! ஈரமும் தூசியும் கலந்த அந்தக் குளிர்ந்த வாசம் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"இது பழைய தியேட்டர்தானேம்மா?"

"ஆமாண்ணே. அப்பா வாங்குனப்ப திரையையும் சீட்டையும் எடுத்துட்டாக. மேல இருக்க குழாயெல்லாம் அப்ப இருந்ததுதான்."

பள்ளிக்கூட நாளில் அவனும் சிநேகிதன் மருதுபாண்டியும் பள்ளத்தூரிலிருந்து பஸ் ஏறி இங்கே படம் பார்க்க வருவார்கள். வெயிலிலிருந்து உள்ளே காலை வைத்ததும் இந்த வாசம்தான் முகத்தில் வந்து மோதும். ஏசி என்றாலே இப்படித்தான் மணக்கும் என்று இருவரும் நம்பியிருந்தார்கள்.

சுஹைல் ஏணியில் ஏறி, காற்றை உள்ளே இழுக்கும் குழாயின் கம்பி வலையைக் கழற்றினான். அடைத்துக்கொண்டிருந்த தூசியோடு காகிதத் துண்டுகள் தலைமேல் கொட்டின. எல்லாம் விரல் நகம் அளவு. புதுப்படத்தில் கதாநாயகன் வரும்போது கூட்டம் அள்ளி வீசிய காகிதம். அதைக் கிழித்துக் கிழித்து விரல் காய்த்துப்போனது நினைவுக்கு வந்தது. மருதுபாண்டி ஒருதடவை தன் பூகோள நோட்டையே கிழித்துவிட்டு வீட்டில் அடி வாங்கினான்.

சுஹைல் சுத்தம் செய்யும் மெஷினைப் போடவில்லை. கீழே இறங்கினான். சாக்கோட்டையில் மருதுபாண்டி சிமெண்ட் கடை வைத்திருப்பது அவனுக்குத் தெரியும். கடைப் பலகையில் இருந்த நம்பரைக்கூடக் குறித்துவைத்திருந்தான். இத்தனை வருஷம் கழித்து என்ன பேசுவது என்ற கூச்சத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். இப்போது அழைத்தான்.

"மருது, நான் சுஹைல். நம்ம தியேட்டர்ல நிக்கிறேன். அந்தப் பழைய வாசம் அப்பிடியே இருக்குடா. இன்னைக்கு நான் அதைக் கழுவப்போறேன். வாரியா?"

"நான் வர்றவரைக்கும் தொட்டுறாத" என்றான் மருதுபாண்டி.

பைக்கில் வந்து இறங்கியவனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. உள்ளே வந்ததும் கண்ணை மூடி மூச்சை இழுத்தான். துர்காதேவி சிரித்துக்கொண்டே ஏசியைப் போட்டு விளக்குகளை அணைத்தாள். இருவரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் மேடையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். படம் பார்ப்பதுபோலவே பேசாமல் இருந்தார்கள். பிறகு மருதுபாண்டி தும்மினான். சுஹைலும் தும்மினான்.

"இது என்ன வாசம்டா உண்மையில?"

"பூஞ்சை. தண்ணி கசிஞ்சு குழாய்க்குள்ள பூத்துக் கெடக்கு."

"பூஞ்சையவா அம்புட்டு ஆசையா மோந்தோம்!"

இருவரும் கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தார்கள். தும்மலால் வந்த நீரா என்று சுஹைலுக்கே தெரியவில்லை. அவன் எழுந்து முகமூடியை மாட்டினான். மருதுபாண்டிக்கும் ஒன்று கொடுத்தான். சுஹைல் சுழலும் பிரஷ்ஷைக் குழாய்க்குள் செலுத்த, தூசியை உறிஞ்சும் பைப்பை மருதுபாண்டி பிடித்துக்கொண்டான். சட்டையெல்லாம் கறுப்பாகும்வரை விடவில்லை.

சாயங்காலம் ஏசியை மறுபடி போட்டபோது வந்த காற்றில் எந்த வாசமும் இல்லை. வெறும் குளிர்ச்சி. சுஹைலுக்கு நெஞ்சில் ஏதோ காலியானதுபோல் இருந்தது. மருதுபாண்டி மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத் துர்காதேவியிடம் போனான்.

"ஆவணியில என் மக அக்ஷராவுக்குக் கல்யாணம். இங்கேயே வச்சுக்கிறலாம்னு பாக்குறேன். தேதி இருக்காம்மா?"

சுஹைல் பக்கம் திரும்பினான். "நீ முதல் நாளே வந்துரணும். உன் வீட்டுக்காரி பர்வீனையும் கூட்டிக்கிட்டு. வேலைக்காரனா இல்ல, பொண்ணுக்குச் சித்தப்பாவா."

"வந்துர்றேன்டா" என்றான் சுஹைல்.