ஆறு கண்ணாடி, ரெண்டு கை

உங்க சின்னவன், வயசு இருபத்தி மூணு. இப்ப இருக்கிற இடம் மூணாவது மாடி, தெருப் பக்க ரூம், ஒரு நாற்காலி மேல. உக்காந்துக்கிட்டு இல்ல, நின்னுக்கிட்டு. கை ரெண்டும் ஜன்னல்ல மாட்டிக்கிட்டதால, நம்ம குடும்ப குரூப்புக்கு இதைப் போனைப் பார்த்து வாயால சொல்லிச் சொல்லி எழுத வேண்டியிருக்கு. அங்கங்க எழுத்து கோணல்மாணலா வந்தா கண்டுக்காதீங்க.

அக்கா சனிக்கிழமை குழந்தையோட வர்றா. இந்த ரூம்ல குழந்தை தூங்கணும்னா ஜன்னல் திறந்து மூடணும், இல்லன்னா யாரையும் சேர்க்க மாட்டேன்னு வீட்டுக்கார அம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க. இன்னைக்குப் பதினொரு மணிக்கு வந்து பார்க்கிறாங்க.

இது நம்ம வீட்டு ஜன்னல் மாதிரி கதவு வச்சது இல்ல. மேல ஆறு கண்ணாடி பதிச்ச ஒரு சட்டம் தெருப் பக்கமா, கீழ ஒரு கண்ணாடிச் சட்டம் உள்பக்கமா. ரெண்டும் தனித்தனியா ஏறி இறங்கும். ஃபிரேமுக்குள்ள மறைவா கப்பி மேல ஓடுற ஒரு கயிறு, அதுல ஒரு இரும்புக் குண்டு. சட்டத்தோட பாரத்தை அந்தக் குண்டுதான் தாங்கும். போன வருஷம் பெரியப்பா மகன், நம்ம பெயின்டர் அண்ணன், இதுக்குப் பெயின்ட் அடிச்சான். அடிச்ச அடியில ரெண்டு சட்டமும் ஃபிரேமோட ஒட்டி, ஜன்னல் சுவராயிருச்சு.

காலையில டீ குடிக்கும்போது சின்னவன் கேட்டான்.

"அண்ணே, நீ அடிச்சது பெயின்ட்டா சிமெண்ட்டா?"

"ஞாயித்துக்கிழமை பிரிச்சுத் தர்றேன்டா."

"அவங்க வர்றது இன்னைக்கு. போன வருஷத்துல இருந்து உனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை கூட வரலையா?"

"அப்படின்னா கீழ் சட்டத்தை மட்டும் பிளேடால சுத்திக் கீறி விடு. மேல இருக்கிறதைத் தொடாதே."

"ஏன்?"

"சொன்னா கேளு."

"கேட்டுக் கேட்டுத்தான் இந்த லட்சணம். நீ கிளம்பு சாமி, நானே பார்த்துக்கிறேன்."

அண்ணன் டம்ளரைக் கீழ வச்சான், செருப்பை மாட்டினான், இறங்கிப் போயிட்டான்.

சின்னவன் கீழ் சட்டத்தைச் சுத்திக் கீறினான். அசையல. தள்ளினான், குத்தினான், செருப்பால தட்டினான். கெஞ்சிக்கூடப் பார்த்தான். மணி பத்தே கால் ஆயிருச்சு. சனிக்கிழமை அக்கா பெட்டியும் குழந்தையுமா வாசல்ல நிக்கிற மாதிரியே தெரிஞ்சுது. அந்த எரிச்சல்ல நாற்காலியில ஏறி, மேல் சட்டத்தையும் சுத்திக் கீறிட்டான்.

டக்குனு ஒரு சத்தம். சட்டம் ஒரு சாண் இறங்குச்சு. ஃபிரேம்ல இருக்கிற கப்பியில இருந்து அறுந்த கயித்து நுனி எட்டிப் பார்த்துச்சு. அது அறுந்து எத்தனை நாளாச்சோ. அதுவரைக்கும் அந்தச் சட்டத்தைத் தாங்கினது அண்ணனோட பெயின்ட்தான். அதை இப்ப சின்னவன் சுரண்டி எடுத்துட்டான்.

நல்லவேளை, கண்ணாடிகளுக்கு நடுவுல குறுக்கே போற கட்டையை ரெண்டு கையாலயும் ஏந்திப் பிடிச்சுட்டான். மெதுவா இறக்கலாம்னா, கீழ் சட்டத்துக்குப் பின்னாடி போனதும் பிடி விட்டுப் போகும். அப்புறம் ஆறு கண்ணாடியும் தெருவுல கிடக்கும், ஆள் நடக்கிற இடம். கீழ் சட்டம் மட்டும் இன்னும் அசையல. அது கெட்டியா இருக்கு.

இப்ப மணி பத்து நாப்பது. தோள் நடுங்குது. அண்ணனை அஞ்சு தடவை கூப்பிட்டாச்சு. இந்த நம்பரைப் பார்த்தாலே கட் பண்றான். தெருமுனையிலதான் நிப்பான், வேற எங்கயும் போக மாட்டான். உங்க நம்பர்னா எடுப்பான்.

அதனால இதை முதல்ல படிக்கிறவங்க, அம்மாவோ அத்தையோ மாமாவோ, உடனே அண்ணனுக்குப் போன் போடுங்க. மேல் சட்டத்தை ஃபிரேமோட முடுக்கி நிறுத்த ரெண்டு நீள ஸ்க்ரூவும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கிட்டு மேல வரச் சொல்லுங்க. சின்னவன் மன்னிப்புக் கேட்டான்னும் சொல்லுங்க.