ஏலி தடுக்கவில்லை

புதன்கிழமை மத்தியானங்களில் தாராவியில் லூசியம்மாள் வீட்டில் பெண்களுக்கு வேதபாடம் நடக்கும். அந்த வாரம் ஏலியின் கதை. ஆசாரியனான ஏலிக்குத் தன் பிள்ளைகள் செய்த அக்கிரமம் எல்லாம் தெரியும். புத்தி சொன்னான்; தடுக்கவில்லை.

பாடம் முடிந்ததும் லூசியம்மாள் வழக்கம்போலக் கேட்டாள்: “சரி, வீட்டுக்குப் போயி இதுல என்னத்தச் செய்யப் போறிய?”

எப்சிபா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மகன் ஜெப்ரிக்குப் பத்தொன்பது வயது. போன மாதம் அவன் வேறொருவனின் மண்டையைச் செங்கல்லால் உடைத்திருந்தான். கேட்க வந்தவர்களிடம், தன் மகன் அன்றைக்கு வீட்டைவிட்டு இறங்கவே இல்லை என்று இவள் சாதித்து அனுப்பியிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது சந்து முனையில் அலறல் கேட்டது. பொதுக்குழாய்க்குப் பக்கத்தில் அடுத்த வீட்டு மாரிசெல்வம் மல்லாந்து கிடந்தான். அவன் நெஞ்சின் மேல் ஜெப்ரி. கையில் அப்பாவின் பட்டறையிலிருந்து எடுத்துவந்த தோல் வெட்டும் கத்தி. ஒரே இழுப்பில் மாரியின் கன்னம் பிளந்து பல் தெரிந்தது. மறைக்கத் தூக்கிய கையிலும் கத்தி இறங்கியது. விரல்கள் தோலில் தொங்கின. மாரியின் தாய் இசக்கிசெல்வி முந்தானையை அவன் முகத்தில் அமுக்கிக்கொண்டு கத்தினாள். எப்சிபாவைக் கண்டதும் ஜெப்ரி கத்தியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

எப்சிபா பின்னாலேயே போனாள். உள்ளே அவள் கணவன் லாசர் பையில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தான்.

“ஊருக்கு ரயிலேத்திவிடுதேன். திருநெல்வேலில எவன் தேடுவான்?”

அவள் கதவைத் தாழிட்டு, அதில் முதுகைச் சாய்த்து நின்றாள். “இவம் எங்கயும் போகக்கூடாது.”

“அன்பு பாவத்த மூடும்னு நீதானட்டி வாசிச்ச? புருசனுக்கு அடங்கணும்னும் அதுல இருக்குல்லா?”

“இருக்கு. போன மாசம் மூடத்தான செஞ்சேன். இன்னைக்கு அந்தப் பிள்ளைக்கு மொகமே இல்ல.”

“ஹட்டும்மா! வழிய விடு!” ஜெப்ரி அவள் கூந்தலைப் பிடித்து இழுத்து, தலையை இரும்புக் கதவில் மோதினான். ரத்தம் கண்ணில் இறங்கியது. அவள் தாழ்ப்பாளை விடவில்லை. அவன் குக்கர் மூடியால் அந்தக் கையை அடித்தான். ஒரு விரல் முறிவது அவளுக்கே கேட்டது. அவன் மணிக்கட்டைக் கவ்விக் கடித்தாள். உப்பும் ரத்தமும் நாக்கில் பட்டன. மூடி கீழே விழுந்தது.

“ருக்சானா! பாஹர் ஸே கடி லகாவ்! போலீஸ் கோ புலாவ்!” என்று, வெளியே கொண்டி போட்டுப் போலீஸைக் கூப்பிடச் சொல்லி, கதவிடுக்கில் இந்தியில் கத்தினாள். எதிர்வீட்டு ருக்சானா ஓடிவந்து வெளியே கொண்டியை மாட்டும் சத்தம் கேட்டது. இனி இவளே நினைத்தாலும் கதவு திறக்காது.

அது புரிந்ததும் ஜெப்ரி அவளைக் கீழே தள்ளி மிதித்தான். விலாவில், வயிற்றில். அடிக்கிறவன் அழுதுகொண்டும் இருந்தான். அதுவரை சுவரோடு ஒட்டி நின்ற லாசர் கடைசியில் மகன் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கீழே விழுந்தான். போலீஸ் வரும்வரை விடவில்லை.

தலையில் தையல் போட்டுக்கொண்டு எப்சிபா ஆஸ்பத்திரி வராந்தாவில் இசக்கிசெல்வியிடம் போய் நின்றாள்.

“ஒம் மவன் எங்கட்டி?”

“ஸ்டேசன்ல. நாந்தான் புடிச்சுக் குடுத்தேன்.”

இசக்கிசெல்வி அவளைக் கன்னத்தில் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். எப்சிபா நகரவில்லை. கை ஓய்ந்ததும் இசக்கிசெல்வி தரையில் உட்கார்ந்தாள். கொஞ்சம் தள்ளி இவளும் உட்கார்ந்தாள்.

மாரி பிழைத்தான்; இரண்டு விரல்கள் போயின. எப்சிபா தான் கண்டதைக் கண்டபடி எழுதிக்கொடுத்தாள். லாசர் அவளோடு பேசுவதை நிறுத்தினான். அவள் ஜெயிலுக்குப் போன முதல் இரண்டு முறையும் ஜெப்ரி அவளைப் பார்க்க வரவில்லை. மூன்றாம் முறை வந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் விரலில் போட்டிருந்த மாவுக்கட்டையே பார்த்தான்.

“கை எப்பிடிம்மா இருக்கு?”

“என் கைய விடு. மாரி கையக் கேளுல.”

அவன் கேட்கவில்லை. ஆனால் நேரம் முடிந்தது என்று காவலர் சொல்லும்வரை அங்கிருந்து போகவும் இல்லை.