ஒரு மூட்டைக் கடுகும் தாளிக்காத சாம்பாரும்

1

இந்தக் கதை எனக்குச் சாம்பாரில் கிடைத்தது.

கரமனையில் நான் வாடகைக்கு இருக்கும் காம்பவுண்டின் பின்பக்கம் மூன்று ஒற்றை அறைகள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே குளியலறை. ஓர் அறையில் பேச்சியும், சாலை என்கிற கடைத்தெருவில் ஹார்டுவேர் கடையில் வேலை பார்க்கும் அவள் கணவர் வன்னியராஜும் இருந்தார்கள். சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள். ஒருநாள் பேச்சி சாம்பார் கொண்டுவந்தாள். தாளிப்பே இல்லை.

"கடுகு தீந்துபோச்சா பேச்சி?"

"எங்க தீருது? ஒரு மூட்டை கெடக்கு அக்கா. அதான் தாளிக்கல."

அந்த 'அதான்' என்னைத் தூங்கவிடவில்லை. எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "சாலைத் தெருவின் மசாலா மணம் காற்றில் மிதந்துவர, வன்னியராஜின் நெஞ்சில் இனம்புரியாத ஓர்"

அதை அந்த இடத்திலேயே அடித்துவிட்டேன். அவர் கடையில் ஆணியும் கீலும் பெயிண்டும்தான். அங்கே மணப்பது டர்பன்டைன். நெஞ்சில் இனம்புரியாத எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை; கணக்கு இருந்தது.

இரண்டாவது தொடக்கம் பரவாயில்லை: வன்னியராஜ் மிச்சம் பிடிக்கிறவர். பஸ் காசை மிச்சம் பிடிக்க வேலை முடிந்து நடந்தே வருவார். (செருப்பு தேயாமலிருக்க அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார் என்றும் எழுதியிருந்தேன். அது என் சரடு. அடித்துவிட்டேன்.) இரண்டு வருஷமாகக் கணவனும் மனைவியும் மிச்சம் பிடித்தது ஒரே காரியத்துக்காக: தனிக் குளியலறை உள்ள வீட்டுக்கு அட்வான்ஸ். காலையில் வாளியோடு வரிசையில் நிற்கும் பேச்சியின் முகத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கும்.

3

சாலையில் ஒரு மளிகை மொத்தக்கடையை மூடினார்கள். கடுகு பாதி விலைக்கு வந்தது. வன்னியராஜ் அட்வான்ஸ் பணத்தில் கைவைத்து ஒரு மூட்டை வாங்கி, ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். (ஆம், ஆட்டோவில். அவர் அத்தனை சந்தோஷத்தில் இருந்தார்.)

"பாதி வெலைக்குக் கெடச்சுது. பாதி லாபம்லா."

"நமக்கு மாசத்துக்கு நூறு கிராம் போதுமே," என்றாள் பேச்சி.

"வச்சிருந்து விப்போம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?"

அவர் கேட்கவில்லை. மூட்டை கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து பேச்சி எதையும் தாளிக்கவில்லை. சாம்பார், ரசம், தேங்காய்ச் சட்னி எல்லாம் மொட்டையாகவே வந்தன. வன்னியராஜ் அதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கடுகு விலையும் ஏறவில்லை.

4

இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. கடுகுக்காக ஒருத்திக்கு இவ்வளவு கோபம் வருமா? அதுவரை எழுதியதை அவர்களிடமே வாசித்துக் காட்டினேன்.

"ரெண்டு தொடக்கம் எழுதி ஒண்ண அடிச்சிருக்கீய. தாளு சும்மாவா வருது?" என்றார் வன்னியராஜ்.

அவர் கடைக்குக் கிளம்பும்வரை பேச்சி பாத்திரம் துலக்கினாள். பிறகு சொன்னாள்: "கடுகுக்கா கோவம்? நானும்தான அக்கா மிச்சம் பிடிச்சேன். பூ வாங்கல. சித்தி மவ கல்யாணத்துக்குப் போகல. அந்தக் காசுல என் பங்கும் உண்டுன்னு அவியளுக்குத் தோணவே இல்லியே."

கதாபாத்திரத்தின் மேல் இருந்த சந்தேகம் தீர்ந்தது.

5

மாங்காய்க் காலம் வந்தது. பேச்சி கடுகைப் பொட்டலம் கட்டிக்கொண்டு அக்ரஹாரத் தெருவுக்குப் போனாள்.

"ஊறுகாய்க்குக் காரம் இருக்குமோடி?" என்று கேட்டாள் ஒரு மாமி.

"வாயில போட்டுப் பாருங்க மாமி."

மாமி மென்றாள். கண் கலங்கியது. "அரைக் கிலோ குடு. பக்கத்தாத்துலயும் கேட்டுட்டுப் போ."

மாங்காய் முடிவதற்குள் மூட்டையும் முடிந்தது. போட்ட பணம் லாபத்தோடு திரும்பியது. ஆனால் இந்தத் தடவை பேச்சியின் கைக்கு.

"அடுத்த வாரம் மொளகாவத்தல் ஒரு லோடு வருதாம், சல்லிசா..." என்று ஆரம்பித்த வன்னியராஜ், அவள் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

6

முடிவுகள் இரண்டு எழுதி வைத்திருந்தேன். முதலாவதில் அவர் மன்னிப்புக் கேட்கிறார், அடுப்பில் கடுகு வெடிக்கிறது. (எனக்கே கூச்சமாக இருந்தது.) இரண்டாவதில் பேச்சி மளிகைக்கடை வைக்கிறாள். "நான் எப்பக்கா கடை கேட்டேன்?" என்றாள். இரண்டையும் அடித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். கரமனை ஆற்றுக்கு அக்கரையில் ஒரு மாடி வீட்டைப் பார்க்க பேச்சி தனியாகப் போனாள். வன்னியராஜ் பத்தடி பின்னால் வந்தார். கூப்பிடாததால் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். வீட்டுக்காரர் ஸ்ரீகுமார் குளியலறையைத் திறந்து காட்டினார். பேச்சி குழாயைத் திறந்து, தண்ணீர் ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மூடினாள். அட்வான்ஸைக் கொடுத்தாள்.

"எத்தர பேரு தாமசிக்கும்?" என்று மலையாளத்தில் கேட்டார் ஸ்ரீகுமார். எத்தனை பேர் குடியிருக்கப் போகிறீர்கள் என்று.

பேச்சி ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். தெருவில் வன்னியராஜ் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். "அத மட்டும் எழுதாதீய அக்கா" என்றாள், எழுதவில்லை. ஸ்ரீகுமார் சாவியை நீட்டியபடி காத்துக்கொண்டிருக்கிறார். பதிலை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.