ஆடைக்குப் பத்து

1

இந்தக் கதை போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் காதில் விழுந்தது. அப்படித்தான் சொல்லிக்கொள்ளப் போகிறேன். டீக்கடையில் கேட்டேன் என்று சொல்லும் கதைக்காரனை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்த அதிகாலையில், சுகன்யா ஆளுயரக் கண்ணாடி முன்னால் நின்று…”

[நிறுத்திவிட்டேன். அவள் வீட்டில் ஆளுயரக் கண்ணாடிக்கு எங்கே போவது? இருப்பதில் முகம் மட்டும் தெரியும். சேலைக் கொசுவம் தெரிய வேண்டுமென்றால் ஸ்டூலில் ஏற வேண்டும், அப்போது முகம் தெரியாது.]

நேராகவே சொல்லிவிடுகிறேன். சுகன்யா எம்.எஸ்.டபிள்யூ. முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிறாள். போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டக் கம்பெனியில் தொழிலாளர் நல அலுவலர் வேலைக்கு நேர்காணல் வந்திருக்கிறது. கிடைக்காவிட்டால் அம்மா முத்துப்பேச்சியோடு காய் எடுக்கப் போவது என்று வீட்டில் பேசி முடிவாகிவிட்டது. அழைப்பின் கடைசி வரி: ‘ஃபார்மல் உடையில் வரவும்.’ பாடத்தில் வராத கேள்வி அது.

2

கூடப் படித்த ரோஜா போனில் தீர்ப்புச் சொன்னாள். “பேன்ட்டு, முழுக்கைச் சட்டை. சட்டைய உள்ள விட்டுக்க. அதாண்டி ஃபார்மல்.”

கேட்டுக்கொண்டிருந்த முத்துப்பேச்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “முழுக்கைச் சட்டையா? அதுக்கு எதுக்குடி அம்புட்டுப் படிப்பு? நான் அஞ்சாப்பு படிச்சிட்டே தெனமும் மாட்டிக்கிட்டுத்தான போறேன்.”

அவள் சொன்னது வாஸ்தவம். ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேலே ஆம்பிளைகளின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். பூச்சி, குளிர், இலைச் சுணை எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான் காப்பு. அதே சட்டையை இஸ்திரி போட்டு உள்ளே செருகினால் ஆபீசர்.

[இந்த இடத்தில் அப்பா மகாராஜனைக் கொண்டுவந்தேன். மனுஷன் அபிப்பிராயம் ஏதும் சொல்லாமல் பழைய சட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். கதைக்கு இந்த அளவு உதவுகிற அப்பாக்கள் குறைவு.]

ஜீப் ஓட்டும் தங்கபாண்டி பட்டுச்சேலை என்றார். “கம்பெனிக்காரவுக மலைச்சுப் போகணும்ல ஆத்தா.”

கடைசியில் கஞ்சி போட்ட பருத்திச் சேலை என்று சுகன்யாவே முடிவெடுத்தாள். ஆபீசராகவும் தெரியும், மகளாகவும் தெரியும்.

3

தங்கபாண்டியின் ஜீப்பில் தினமும் பதிமூன்று பெண்கள் மலையேறுவார்கள். அன்று சுகன்யாவோடு பதினாலு. ஏறும்போதே முத்துப்பேச்சி அப்பாவின் சட்டையை நீட்டினாள். “மேல மாட்டிக்க. சீலை அழுக்காயிரும். அங்க போயிக் கழட்டிரு.”

ஆபீஸ் வாசலில் இறங்கியதும் மலையாளி வாட்ச்மேன் அவளைப் பார்த்து ஒரு பக்கமாகக் கையை நீட்டினான். “சேச்சி, பணிக்காரெல்லாம் அங்ஙோட்டு.”

அங்கே வேலைக்காரர்கள் வரிசை. முத்துப்பேச்சியும் மற்ற பன்னிரண்டு பேரும் அதில் நின்றுகொண்டு இவளையே பார்த்தார்கள். “கழட்டிட்டு வெரசா உள்ள போத்தா” என்று முத்துப்பேச்சி சைகை காட்டினாள். சுகன்யாவின் கை முதல் பித்தானுக்குப் போனது. அத்தனை பேர் கண் முன்னால் அந்தச் சட்டையைக் கழற்றிப் போடுவது அம்மாவையே கழற்றிப் போடுவதுபோல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. “நான் இன்டர்வியூக்கு வந்திருக்கேன்ணே” என்று சொல்லிவிட்டு, சட்டையோடே உள்ளே போனாள்.

(வேறு மாதிரியும் எழுதிப் பார்த்தேன். சட்டையைச் சுருட்டிப் பூந்தொட்டிக்குப் பின்னால் வைக்கிறாள், வேலை கிடைக்கிறது, திரும்பி வந்தால் சட்டை மட்டும்… எனக்கே பிடிக்கவில்லை.)

4

இனி டீக்கடை எடுபடாது. நான் நேர்காணல் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

ஓய்வுபெற்ற பேராசிரியர். வெளியாள் ஒருவர் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். என்ன போட்டுக்கொண்டு போவது என்று முந்தின நாள் பூராவும் யோசித்து, மருமகனின் கோட்டை இரவல் வாங்கிப் போயிருந்தேன். பக்கத்தில் மேனேஜர், அரை டிரவுசர். அவரை யார் என்ன கேட்பது?*

* வீட்டுக் காட்சிகளில் பாதி, மலையிறங்கும்போது தங்கபாண்டி சொன்னது. மீதி என் கைச்சரக்கு.

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். கம்பெனி அதை மதிப்பெண் தாளாகவே அச்சடித்திருந்தது. பதிலுக்குப் பத்து, தோற்றத்துக்குப் பத்து.

முதலில் வந்த பையன் டை கட்டியிருந்தான். ஏல மரத்தில் ஏறிக் காய் பறிக்கும் பெண்களுக்கு ஹெல்மெட் கட்டாயமாக்குவேன் என்றான். ஏலக்காயோ செடியின் அடியில், தரையோடு காய்ப்பது. மேனேஜர் அவன் தோற்றத்துக்குப் பத்து போட்டார்.

அடுத்து சுகன்யா. மேனேஜர் சட்டையை ஏற இறங்கப் பார்த்தார். “லேபர் பெண்களோட எப்படி நெருங்கிப் பழகுவீங்க?”

“நெருங்கித்தான் சார் வந்தேன். ஒரு ஜீப்புல பதினாலு பேரு.”

பதிலுக்கு இருவருமே நிறையப் போட்டோம். தோற்றத்துக்கு மேனேஜர் ஒன்று போட்டார். நான் ஆறு போட்டால் வேலை அவளுக்கு. குறைந்தால் ஹெல்மெட்டுக்கு.

5

முடிவு ஒன்று: பத்து போடுகிறேன். நானும் நல்லவனாகிவிடுவேன். மேனேஜர் அடுத்த தடவை என்னைக் கூப்பிட மாட்டார்.

முடிவு இரண்டு: ஐந்து. நடுநிலை என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

முடிவு மூன்று: மேனேஜர் மனம் திருந்தி… [அடித்துவிட்டேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள்.]

யோசித்து அனுப்புகிறேன் என்று தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாலைக்குள் வேண்டும் என்று மூன்று தடவை போன் வந்துவிட்டது. பென்சிலால் ஓர் எண் எழுதியிருந்தேன். அது என்ன என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அழித்துவிட்டேன். இனி நீங்கள் போடுங்கள்.

தோற்றம்: ……… / 10

நாளைக் காலை ஆறரைக்கு ஜீப் புறப்படும். அதில் காய் எடுக்கப் போவது பதிமூன்று பேரா, பதினாலு பேரா என்பது இப்போது உங்கள் கையில். எதற்கும் இருக்கட்டும் என்று முத்துப்பேச்சி அந்தச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாளாம். தங்கபாண்டி போனில் சொன்னார்.