நாலு பருவம்

எங்கள் ஊர்ப் பாராளுமன்றத்துக்குக் கூரை கிடையாது. கிமிலிலி பஸ் நிலையத்துக்குப் பின்னால், யாரோ கடை கட்டுகிறேன் என்று ஆரம்பித்து அஸ்திவாரத்தோடு கையை உதறிவிட்டுப் போன இடம் அது. எதிரெதிராக இரண்டு கல்வரிசை. ஒன்றில் ஆளுங்கட்சி, இன்னொன்றில் எதிர்க்கட்சி. அன்றைக்கு என்ன பேச்சோ அதைப் பார்த்து ஆட்கள் இடம் மாறிக்கொள்வார்கள். நடுவில் கவிழ்த்துப் போட்ட சோடாப் பெட்டியில் சபாநாயகர். பதினோரு வருஷமாக அந்தப் பெட்டி நாலியாகாவுடையது.

நாலியாகா சந்தையில் சோளமும் பயறும் விற்கிறவள். அவள் தகர டின்னில் அளந்தால் கோபுரமாகக் குவிந்துதான் இருக்கும். தலையைத் தட்டிக் குறைக்கிற பழக்கம் அவளிடம் இல்லை. பயறை இப்படி அளக்கிறவள் நியாயத்தையும் இப்படித்தான் அளப்பாள் என்று ஊர் முடிவு செய்து, நடுவர் ஊதுகிற விசில் ஒன்றை அவள் கழுத்தில் மாட்டியது. சபாநாயகர் ஊதலாம், கேள்வி கேட்கலாம். விவாதத்தில் வாய் திறக்கக் கூடாது. அதுதான் சட்டம். ஊரிலேயே அதிகம் பேசுகிறவளைப் பேசக் கூடாத இடத்தில் உட்கார வைத்துவிட்டார்களே என்று அவள் புருஷனுக்கு மட்டும் பரம சந்தோஷம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேச்சு குலோபாவைப் பற்றியது.

குலோபா எங்கள் காளைகள் அணிக்குப் பந்து ஆடுகிறவன். அப்படிச் சொல்லி நிறுத்தினால் சொன்ன வாய்க்கே கூசும். எங்கள் மைதானத்தில் வடக்குக் கோலுக்கு முன்னால் ஒரு பள்ளம் உண்டு. மழை பெய்தால் குட்டையாகிவிடும். மண் கொட்டுங்கள் என்று வருஷக்கணக்காக எல்லோரும் கிளப்பைத் திட்டியிருக்கிறோம். போன வருஷம் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்களோடு ஆட்டம், கடைசி நிமிஷம். குலோபா பந்தை அந்தக் குட்டையைப் பார்த்து உருட்டினான். உருட்டிவிட்டு, பந்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். தடுக்க வந்த இரண்டு பேரும் அவன் பின்னால் ஓடினார்கள். கோல்கீப்பர் பந்து வரப்போகிறது என்று பாய்ந்து விழுந்தான். பந்து வரவில்லை. அது தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. குலோபா திரும்பி நடந்து வந்தான், ஓடக்கூட இல்லை, வாசலில் கிடக்கிற செருப்பை ஒதுக்குகிற மாதிரி பந்தை உள்ளே ஒதுக்கினான்.

மூவாயிரம் பேர் இருந்தோம். யார் வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை. அப்புறம் ஒரு பெண் அழுகிற சத்தம் கேட்டது. அது நாலியாகா. எல்லோரும் திட்டிக்கொண்டிருந்த பள்ளத்தை இவன் ஒருத்தன் மட்டும் இத்தனை நாளும் பார்த்து வைத்திருந்திருக்கிறான் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. கடவுள் தன் ஊரில் இப்படி ஒருவனைப் பிறக்க வைத்து, தன்னையும் அதே காலத்தில் பிறக்க வைத்திருக்கிறாரே என்று அன்றைக்கு வீடு போகிற வரைக்கும் அழுதாள்.

அந்தக் குலோபா மூன்று வாரமாக ஆட வரவில்லை. என் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்கிறான். இன்னும் இரண்டு வருஷம் பாக்கி என்கிறது கிளப். தாளில் எழுதியிருப்பது 'நாலு சீசன்'. கிளப்புக்குச் சீசன் என்றால் ஒரு வருஷம். குலோபா வீட்டில் சீசன் என்றால் விதைப்புப் பருவம். பெரிய மழைக்கு ஒரு பயறு, சின்ன மழைக்கு ஒரு பயறு, ஆக வருஷத்துக்கு இரண்டு. நாலு பருவமும் எடுத்தாகிவிட்டது. ஏரிக்கு அந்தக் கரையில் முவான்சாவில் ஒரு பெரிய கிளப் அவனைக் கூப்பிட்டுவிட்டு, திங்கட்கிழமை வரைக்கும்தான் பொறுப்போம் என்று சொல்லியிருந்தது.

எங்கள் கிளப் தலைவர் முக்வானாவுக்கு வழக்கு என்றால் அலர்ஜி. டிக்கெட் வாங்குகிற ஜனத்தைப் பகைத்துக்கொள்ளவும் பயம். "பாராளுமன்றமே விசாரிக்கட்டும். நெஜமாவே ரெண்டு வருஷம்னு நம்பித்தான் கையெழுத்துப் போட்டான்னா நான் விட்டுடறேன். கதை கட்டறான்னா இங்கேயே ஆடட்டும்" என்று சொல்லியனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

முதலில் எழுந்தவன் மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றுகிற வஃபுலா. அவனுக்குக் குலோபாமேல் இருந்தது கோபம் இல்லை, விட மனமில்லாத ஆசை. வெளியே வரும்போது அது கோபமாகத்தான் வந்தது.

"மாண்புமிகு சபாநாயகர் அவர்களே. இவன எத்தன தடவ என் வண்டியில ஓசியில மைதானத்துக்கு ஏத்திட்டுப் போயிருக்கேன்? ஒரு ஷில்லிங் கேட்டிருப்பேனா? இன்னிக்கிப் பெரிய எடத்துல கூப்பிட்டதும் சாருக்கு சீசன்னா என்னன்னே தெரியலையாம். பந்து ஆடறவனுக்கு சீசன் தெரியாதா? எங்கிட்டயே ரீல் விடறானா?"

எதிர்வரிசையில் தையல்காரர் ஞொங்கேசா தொண்டையைச் செருமினார். "உறுப்பினர் பேர சபைக்குச் சொல்லட்டும்."

"யோவ், இருவது வருஷமா எனக்கு டவுசர் தெக்கிற. பேரு தெரியாதா?"

நாலியாகா ஊதினாள். "பேரச் சொல்லு."

"வஃபுலா."

"மழைக்காலத்துல பொறந்தா வைக்கிற பேரு," என்றார் ஞொங்கேசா. "எந்த மழை? பெரிய மழையா, சின்ன மழையா?"

வஃபுலா கொஞ்சம் யோசித்தான். "சின்ன மழைன்னு எங்கம்மா சொல்லும்."

"ஆங். அப்ப வருஷத்துக்கு ரெண்டு பருவம்னு உறுப்பினர் பேரே சாட்சி சொல்லுது. உக்காருங்க."

இரண்டு வரிசையும் தொடையைத் தட்டிச் சிரித்தது. வஃபுலாவும் சிரித்துவிட்டான். ஆனால் உட்காரவில்லை. "பேரு வச்சது எங்கம்மா. ஒப்பந்தம் எழுதினது எங்கம்மா இல்லியே."

இதற்கும் சிரித்தார்கள். நாலியாகா மட்டும் சிரிக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சந்தை மண்டபத்தில் கையெழுத்து நடந்தபோது ரசிகர்கள் சார்பில் அவளும் போயிருந்தாள். குமாஸ்தா ஆங்கிலத் தாளைக் கடகடவென்று வாசித்தார். ஆளுக்கொரு சோடாவோடு எல்லோரும் போட்டோவுக்கு நிற்க ஓடினார்கள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு குலோபா அவள் பக்கம் சாய்ந்து, எங்கள் ஊர்ப் பாஷையில், தணிந்த குரலில் கேட்டான்: "அக்கா, நாலு சீசன்னா எவ்வளவு?" அன்றைக்குக் காலையில்தான் அவள் நாற்பது மூட்டைப் பயறு மொத்தமாக வாங்கியிருந்தாள். மண்டை முழுக்கப் பயறு. "நாலு பருவம்டா தம்பி. ரெண்டு வருஷம். நாலு தடவ பயறு எடுத்தா முடிஞ்சுது," என்றாள். அவன் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டான். அவள் சோடா எடுக்கப் போய்விட்டாள்.

சொன்னது தப்பு என்பது இந்தச் சண்டை வெடித்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது. உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம் ஒரு காரணம். அளவு தெரியாதவள் என்று சந்தையில் ஒரு பேச்சு கிளம்பினால் பயறுக்காரியின் கதி என்ன? இன்னொரு காரணத்தை அவள் தன் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் குலோபா இன்னும் இரண்டு வருஷம் இங்கே ஆடுவான். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கால்களைப் பார்க்கலாம். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. ஆசையும் போகவில்லை.

"சாட்சியக் கூப்பிடுங்க," என்று வஃபுலா கத்தினான்.

குலோபா வந்தான். விதைப்புக் காலம் ஆகையால் வயலிலிருந்து நேராக வந்திருந்தான். முழங்கால் வரைக்கும் செம்மண். இவ்வளவு நேரம் அவனைக் கிழித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும், யாரும் சொல்லாமலே, கல்லைவிட்டு எழுந்து நின்றார்கள். வஃபுலா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

"ரெண்டு வருஷம்னு உனக்கு யார் சொன்னா?" வஃபுலாவின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"நான் அப்படித்தான் புரிஞ்சுக்கிட்டேன்."

"நீயாவா? இல்ல, யாராச்சும் சொன்னாங்களா?"

குலோபா குனிந்து முழங்கால் மண்ணைத் தட்டினான்.

"சபாநாயகர் கேக்கட்டும்," என்றான் வஃபுலா. "சபாநாயகர் கேட்டுச் சாட்சி பதில் சொல்லலன்னா, சொன்னதெல்லாம் பொய்னு எழுதிக்கலாம். சட்டம் இருக்கு."

இருந்தது. ஒரு கோழித் திருட்டு விசாரணையின்போது நாலியாகாவே போட்ட சட்டம். அன்றைக்கு எல்லோரும் கைதட்டினார்கள். இப்போது அது சுற்றிக்கொண்டு வந்து அவள் காலடியிலேயே நின்றது.

நாற்பது பேரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

"சாட்சி சொல்லணும்," என்றாள் ஒருவழியாக. "நாலு சீசன்னா ரெண்டு வருஷம்னு உனக்குச் சொன்னது யாரு?"

குலோபா அவளை நேராகப் பார்த்தான். அந்தப் பார்வையில் குற்றம் சாட்டுகிற எதுவும் இல்லை. அவளுக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஞாபகம் இல்லக்கா," என்றான்.

சபை கொந்தளித்துவிட்டது. "பாத்தியா, பாத்தியா" என்று ஒரு வரிசை. ஞொங்கேசா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஓட்டுக்கு விடுங்க, முடிச்சுடலாம்" என்று நாலு பக்கமும் குரல். ஓட்டு எந்தப் பக்கம் விழும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும்.

நாலியாகாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. எந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்திருக்கிறவனுக்கா இது மறக்கும்? இரண்டு வருஷத்தை, முவான்சாவை, அங்கே காத்திருக்கிற எல்லாவற்றையும், ஒரு பயறுக்காரியின் பேர் கெடக் கூடாது என்று இவ்வளவு பேர் முன்னால் குட்டையில் விட்டுவிட்டு நிற்கிறான். அன்றைக்கு மைதானத்தில் அவளை அழ வைத்தது எதுவோ அதுவேதான் இது. பந்து இல்லாமலேயே இவனால் இப்படிச் செய்ய முடியுமா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

அவள் விசிலைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்தாள். இறங்கிப் போய் உறுப்பினர்கள் வரிசையில் ஓர் ஓரமாக நின்று கையைத் தூக்கினாள்.

எல்லோரும் விழித்தார்கள். சபாநாயகர் அனுமதி தராமல் உறுப்பினர் பேச முடியாது. பெட்டியில் சபாநாயகர் இல்லை. இதற்குச் சட்டம் இல்லை.

குலோபாவுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு எட்டில் வந்து பெட்டிமேல் இருந்த விசிலை எடுத்து, அவள் வாய் திறக்கும் முன்னால் பலமாக ஊதினான்.

"உறுப்பினர் உக்காரணும்," என்றான். "அக்கா, உக்காருங்க. வேணாம்."

"ஊதாதடா."

மறுபடியும் ஊதினான். ஊதலுக்கு நடுவே நாலியாகா கத்திச் சொன்னாள். "நான்தான் சொன்னேன். நாலு பருவம், ரெண்டு வருஷம்னு நான்தான் சொன்னேன். இந்த வாய்தான். அவன் கேட்டான், நான் பயறுக் கணக்குல சொல்லிட்டேன். மூணு வாரமா தெரிஞ்சும் மூடிக்கிட்டு இருந்தேன். பயம். அப்புறம்... அவன் இங்கயே ஆடட்டும்னு ஒரு நப்பாசை."

விசில் நின்றது. பஸ் நிலையத்தில் கண்டக்டர் ஊர்ப்பேர் கூவுவது கேட்டது.

"ஏன்டா சொல்லல?" என்று வஃபுலா குலோபாவிடம் கேட்டான். சபை மரியாதை எல்லாம் போய்விட்டது. "அக்கா பேரச் சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்குமே."

குலோபா விசிலைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எனக்குக் காலு இருக்கு. எங்க நின்னாலும் ஆடிப்பேன். ரெண்டு வருஷம் கழிச்சுப் போனா என்ன? அக்காவுக்கு இந்த ஊர் நம்பிக்கைதான இருக்கு. அது போச்சுன்னா அப்புறம் எத வச்சு அளப்பாங்க?"

ஞொங்கேசா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். முதலில் கை தூக்கியவன் வஃபுலா. "போகட்டும்யா," என்றான், யாரையும் பார்க்காமல். அப்புறம் ஒவ்வொரு கையாக எழும்பியது. நாலைந்து பேர் மட்டும் பிடிவாதமாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, சனிக்கிழமைகளை நினைத்திருப்பார்கள்.

முடிந்தது என்று நாலியாகா கிளம்பப் போனாள். பெட்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினோரு வருஷம் போதும் என்று அவளே தீர்ப்பு எழுதிக்கொண்டுவிட்டாள்.

"அக்கா, ஒரு நிமிஷம்."

குலோபா சட்டைப் பைக்குள் கைவிட்டு நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தான். வயல் மண் படாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தான். முவான்சாக்காரர்கள் அனுப்பிய ஒப்பந்தம். அதைப் பிரித்து, அங்கே ஞொங்கேசா இருந்தார், பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர்கூட இருந்தார், அவர்களையெல்லாம் தாண்டி வந்து நாலியாகாவிடம் நீட்டினான்.

"இதுல மூணு சீசன்னு போட்டிருக்காங்க," என்றான். "எவ்வளவுக்கா அது?"

என்னிடமா நீட்டுகிறான் என்று நாலியாகா ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. தாளை வாங்கினாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், உதடு அசைய, ஒரு வார்த்தை விடாமல் வாசித்தாள். நாற்பது பேரும் நின்றபடியே காத்திருந்தார்கள். இடையில் ஒரு தடவை முன்பக்கத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி வாசித்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"மூணு வருஷம்," என்றாள் கடைசியில். "பந்துக் கணக்கு."

"பயறுக் கணக்கு இல்லியே?"

"இல்லடா."

"சரி," என்றான் குலோபா. தாளைப் பெட்டிமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டான். பிறகு விசிலை எடுத்து அவள் கழுத்தில் மாட்டிவிட்டு, விதைக்கிற வேலை பாதியில் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டு வயலுக்குப் போனான்.